எரிவாயு இருந்தும் வீடு ஏன் குளிர்ந்தது?



2013 டிசம்பர் 22 அதிகாலை. ரொறன்ரோவில் உறைமழை பெய்து, பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகள்மேல் விழுந்தன. நகரின் மின்விநியோக நிறுவனமான ரொறன்ரோ ஹைட்ரோவின் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. நகரின் ஒரு பகுதியான ஸ்காபரோவில் பல வீடுகளுக்கு நத்தார் கழிந்த பிறகே மின்சாரம் திரும்பியது.

எரிவாயுக் குழாய்கள் சேதமடையவில்லை. ஆனாலும் வீடுகள் குளிர்ந்துபோயின. எரிவாயுவில் எரியும் சூடாக்கிக்கும் அனல்காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறி வேண்டும். அந்த விசிறி மின்சாரத்தில்தான் சுழல்கிறது.

மாநகராட்சி உடனே சமூக மண்டபங்களைக் கதகதப்பு நிலையங்களாகத் திறந்தது. படுக்கையும் உணவும் அங்கே கிடைத்தன. சில பொலிஸ் நிலையங்களும் குளிரில் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தன.

கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள் இயக்க வேண்டாம் என்று தீயணைப்புப் பிரிவு திரும்பத் திரும்ப எச்சரித்தது. அவற்றிலிருந்து வெளிவரும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

ஆகவே, காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று இன்றே பாருங்கள். மின்வெட்டு நேரத்தில் தனியாக வாழும் முதியவர்களின் கதவைத் தட்டி நலம் விசாரியுங்கள். குளிர்காலத்தில் வாடகை வீட்டில் வீட்டுக்காரர் குறைந்தது 21 பாகை செல்சியஸ் வெப்பம் தரவேண்டும் என்பது ரொறன்ரோ மாநகரச் சட்டம். தராவிட்டால் மாநகராட்சியின் 311 எண்ணுக்கு அழையுங்கள்.