சைக்கிள் பயணத்தின் கடைசி நகரம்

பிள்ளைகளே, மல்வேர்னில் நீங்கள் எவ்வளவு தூரம் சைக்கிள் ஓடியிருக்கிறீர்கள்? வீட்டிலிருந்து நூலகம் வரைக்குமா? றூஜ் பூங்கா வரைக்குமா? திரும்பி வரும்போது கால் நொந்திருக்கும். "இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு?" என்று அப்பாவிடம் கேட்டிருப்பீர்கள்.

சிலர் கனடா முழுவதையும் சைக்கிளிலேயே கடக்கிறார்கள். பெரும்பாலும் வன்கூவர் அல்லது விக்ரோறியா நகரத்தில் தொடங்குவார்கள். அது மேற்குக் கரை, பசிபிக் சமுத்திரத்தின் பக்கம். பயணம் முடிகிற இடம் கிழக்கில், அத்திலாந்திக் சமுத்திரத்தின் கரையில் உள்ள சென் ஜோன்ஸ் நகரம்.

அம்மம்மாவிடம் "சென் ஜோன்ஸ்" என்று சொல்லிப் பாருங்கோ. அவ யாழ்ப்பாணத்தில் உள்ள சென் ஜோன்ஸ் கல்லூரியை நினைப்பா! நாங்கள் பேசுவது நியூஃபவுண்ட்லாந்து தீவில் உள்ள நகரத்தைப் பற்றி.

எத்தனை நாள் பிடிக்கும்?

இந்தப் பயணம் 7,000 கிலோமீற்றருக்கும் மேல். ஒரு நாளைக்கு 80 கிலோமீற்றர் ஓடினால், 90 நாளில் 7,200 கிலோமீற்றர் ஓடலாம். அதாவது மூன்று மாதம்!

ஏன் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போகிறார்கள்? காற்றுதான் காரணம். கனடாவில் காற்று அதிகமாக மேற்கிலிருந்து வீசும். கிழக்குப் பக்கமாக ஓடினால் அந்தக் காற்று முதுகில் பிடித்துத் தள்ளும். மற்றப் பக்கமாக ஓடினால் எதிர்காற்று. அப்போது பெடல் மிதிப்பது மிகவும் கஷ்டம். தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் பெயர் உண்டு. தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை.

கடைசிப் பகுதி

நியூஃபவுண்ட்லாந்து ஒரு தீவு. கடலுக்கு மேலே சைக்கிள் ஓட ஏலாது அல்லவா? அதனால் நோவா ஸ்கோசியாவில் நோர்த் சிட்னி என்ற ஊரில் சைக்கிளோடு ஃபெரியில் ஏறுவார்கள். ஃபெரி என்பது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் கப்பல். அது தீவின் தென்மேற்கு மூலையில் போர்ட் ஓ பாஸ்க் என்ற ஊரில் இறக்கிவிடும்.

"அப்பாடா, தீவுக்கு வந்துவிட்டோம், பயணம் முடிந்தது" என்று நினைக்காதேங்கோ! அங்கிருந்து சென் ஜோன்ஸ் இன்னும் 900 கிலோமீற்றர். இலங்கையின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை ஏறக்குறைய 430 கிலோமீற்றர்தான். அதைப்போல இரண்டு மடங்கு தூரம்!

சென் ஜோன்ஸில் என்ன செய்வார்கள்?

ஒரு வழக்கம் இருக்கிறது. தொடங்கும்போது பின் சில்லைப் பசிபிக் சமுத்திரத்தில் நனைப்பார்கள். முடிக்கும்போது முன் சில்லை அத்திலாந்திக் சமுத்திரத்தில் நனைப்பார்கள். இரண்டு கடலையும் சைக்கிள் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

பலர் நகரத்துக்கு வெளியே உள்ள கேப் ஸ்பியர் முனைக்கும் போவார்கள். கிரீன்லாந்தை விட்டுப் பார்த்தால், வட அமெரிக்காவின் கிழக்கு எல்லை அதுதான். அங்கே 1836 ஆம் ஆண்டு கட்டிய வெளிச்சவீடு ஒன்று நிற்கிறது. அதற்கு அப்பால் கடல் மட்டும்தான்.

இன்னொரு புதினமும் உண்டு. ரொறன்ரோவில் பகல் 12 மணி என்றால், சென் ஜோன்ஸில் 1.30 மணி. அரை மணித்தியாலம் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். இலங்கை நேரமும் இந்திய நேரமும் இப்படித்தான் அரை மணித்தியாலக் கணக்கில் வரும்.

பிறகு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைப்பார்கள். பெடலைக் கழற்றும்போது கவனம்! இடது பெடலின் புரி மற்றப் பக்கமாக இருக்கும். அதைக் கழற்ற மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகத் திருப்ப வேண்டும். பெட்டி விமானத்தில் ஏறும். மூன்று மாதம் ஓடிப் போனவர்கள், சில மணித்தியாலத்தில் ரொறன்ரோவுக்கு வந்துவிடுவார்கள்.

முடிவா? தொடக்கமா?

சைக்கிள்காரருக்குச் சென் ஜோன்ஸ் கடைசி நகரம். எல்லோருக்கும் அப்படி இல்லை.

ரெறி ஃபொக்ஸை உங்களுக்குத் தெரியும். செப்ரெம்பர் மாதத்தில் பள்ளிக்கூடத்தில் அவருடைய பெயரில் ஓடுகிறீர்கள். 1980 ஏப்பிரல் 12 ஆம் திகதி அவர் தன் செயற்கைக் காலை அத்திலாந்திக் கடலில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். அது சென் ஜோன்ஸில்தான்.

இன்னும் 155 பேருக்கு அது கனடாவில் முதல் நகரம். அவர்கள் எல்லோரும் ஈழத்தமிழர். இலங்கையில் நடந்த போருக்கும் வன்முறைக்கும் பயந்து ஊரை விட்டு வந்தவர்கள். ஒரு கப்பல் அவர்களை மேற்கு ஜேர்மனியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தது. கனடாவுக்குக் கிட்ட வந்ததும், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. சுற்றிலும் பனிப்புகார். எந்தப் பக்கம் கரை என்று தெரியவில்லை. படகில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

1986 ஓகஸ்ட் 11 ஆம் திகதி, மீன் பிடிக்கப் போன கஸ் டால்ற்றன் என்ற நியூஃபவுண்ட்லாந்துக்காரர் அவர்களைக் கண்டார். அவர்கள் யார், எந்த நாட்டவர் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கடலில் மனிதர் தவித்தால் உதவ வேண்டும் என்பது மீனவருக்குத் தெரியும். மற்ற மீன்பிடிப் படகுகளும் உதவிக்கு வந்தன. எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள்.

அவர்களைச் சென் ஜோன்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். அங்குள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தில் மாணவர் தங்கும் அறைகளை அவர்களுக்குக் கொடுத்தார்கள். சில நாட்களுக்குப் பிறகு பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள்.

யோசிச்சுப் பாருங்கோ. ஒரே கடற்கரைதான். ஒருவர் அங்கே வந்து "முடித்துவிட்டேன்" என்று சைக்கிளை நிறுத்துகிறார். இன்னொருவர் அங்கே கால் வைத்து "இனி என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

மல்வேர்னில் இருக்கும் எங்கள் குடும்பங்களுக்கும் இப்படி ஒரு முதல் இடம் உண்டு. சிலருக்கு அது விமான நிலையம். சிலருக்கு எல்லைச் சாவடி. உங்கள் வீட்டுக் கதை என்ன? இன்று இரவு சாப்பிடும்போது கேளுங்கோ. கேட்டதை ஐந்து வசனத்தில் எழுதி, அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டு வாருங்கோ.

பயிற்சி

1. சைக்கிள்காரர் ஏன் மேற்கிலிருந்து கிழக்குக்கு ஓடுகிறார்கள்?
2. ஒரு நாளைக்கு 100 கிலோமீற்றர் ஓடினால், போர்ட் ஓ பாஸ்க்கிலிருந்து சென் ஜோன்ஸுக்கு எத்தனை நாள் பிடிக்கும்?
3. ரொறன்ரோவில் மாலை 4 மணி என்றால், சென் ஜோன்ஸில் எத்தனை மணி?
4. நீங்கள் அந்த மீனவராக இருந்தால், படகில் இருந்தவர்களிடம் முதலில் என்ன சொல்லியிருப்பீர்கள்?