குடும்பத்துடன் கோட்டைக்கும் கடலுக்கும்

தேர்வுகள் முடிந்து பள்ளிக்கூடங்கள் பூட்டப்படும் நாளிலேயே வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: "இந்த விடுமுறைக்கு எங்கே போகிறோம்?" வளைகுடா நாடுகளிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்தவர் வீட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். கடற்கரை விடுதியொன்றில் மூன்று நாள் தங்கல், சுற்றுப்புறங்களைக் காண ஒரு வாகனம், கைநிறையப் புகைப்படங்கள் என்று திட்டம் தயாராகிவிடும்.

இந்த ஆசையில் தவறேதும் இல்லை. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. மனைவி மக்களை மகிழ்விப்பதும் நன்மை தரும் செயலே. ஆனால், எங்கெங்கே போகலாம் என்று இரவெல்லாம் பேசும் நாம், யாரை அழைத்துச் செல்கிறோம், எந்த நேரத்தில் செல்கிறோம் என்பதை ஐந்து நிமிடமேனும் சிந்திப்பதில்லை. நம்முடையதோ வெப்ப நாடு. இங்கே பயணத்திட்டத்தின் பாதியை வெயில்தான் எழுதுகிறது. இதை நான் நூலில் படித்து அறிந்துகொள்ளவில்லை. என் தாயாரை வருத்தித்தான் அறிந்துகொண்டேன்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் என் தங்கையும் மச்சானும் பிள்ளைகளுடன் துபாயிலிருந்து வந்திருந்தனர். "செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வேண்டும், கடற்கரையில் தங்க வேண்டும், எல்லாவற்றையும் நீங்களே ஏற்பாடு செய்யுங்கள்" என்று பொறுப்பை என்னிடம் விட்டனர். கல்லூரியில் வரலாறு படித்தவன் என்ற பெருமிதத்துடன் நானும் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். மூன்று நாட்களில் ஒன்பது இடங்கள்! தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் நாள் காலை உணவு முடிந்து, பிள்ளைகள் தயாராகி, கோட்டை வாயிலை அடைந்தபோது மணி 11. அறுபத்தெட்டு வயதான என் தாயாரால் மலையேற இயலாது என்பது எனக்குத் தெரியும். கீழ்க்கோட்டையில் ஒரு மர நிழலில் அவரை அமரவைத்து, கையில் ஒரு தண்ணீர்ப் புட்டியையும் கொடுத்தேன். "நீங்கள் போய் வாருங்கள், நான் இருக்கிறேன்" என்றார். நாங்கள் இராஜகிரியின் உச்சிவரை ஏறி இறங்க மூன்றரை மணி நேரம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது மரத்தின் நிழல் வேறு பக்கம் நகர்ந்திருந்தது. அம்மா வெயிலில் இருந்தார். உதடுகள் உலர்ந்து, உடல் கொதித்து, எழுந்து நிற்கவும் இயலாத நிலை. புட்டியின் மூடி திறக்கப்படவே இல்லை. ஊருக்குள் ஒரு மருத்துவரிடம் ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே அவர் கேட்டார்: "காலையிலிருந்து எத்தனை முறை சிறுநீர் கழித்தார்கள்?" எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. பிறகு அம்மாதான் மெல்லச் சொன்னார்: "தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே. பழக்கமில்லாத இடத்தில் யாரிடம் போய்க் கேட்பது?"

வாசக சகோதரர்களே, நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் பயணத்தின்போது இந்த அச்சத்தினால் தாகத்தை அடக்கிக்கொள்கின்றனர் என்பதை நாம் என்றாவது கேட்டதுண்டா? அன்று மாலை கண்விழித்த அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்களெல்லாம் மலையைப் பார்த்தீர்கள், நான் நீங்கள் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கு இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை.

அளவுகோல் யார்?

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது, மாணவர்களுக்குப் பலமுறை நான் பாடம் நடத்திய ஒரு ஹதீஸ்தான். உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) அவர்கள் தம் சமூகத்தாருக்கு இமாமாக இருக்க அனுமதி கேட்டபோது, அவர்களில் மிகவும் பலவீனமானவரை அளவாகக் கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். தொழுகைக்கே இதுதான் விதி என்றால், உல்லாசப் பயணத்திற்கு எவ்வளவு பொருந்தும்! குடும்பப் பயணத்திற்குத் தலைமை தாங்குபவரும் ஒருவகையில் இமாம்தான். அவர் தம் கால்களின் வலிமையைக் கொண்டு திட்டமிடலாகாது. வீட்டின் மூத்தவர், கைக்குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி ஆகியோரை முதலில் எண்ணிப் பார்த்து, அவர்களுக்கு ஏற்றதையே அனைவருக்கும் உரிய திட்டமாக்க வேண்டும்.

ஆகவே, ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். இரண்டாவது இடம் இருந்தால் அது வழியில் அமைந்ததாக இருக்கட்டும். கழிப்பிடமும் நிழலும் தண்ணீரும் எங்கே கிடைக்கும் என்பதை விசாரித்த பின்னரே அங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது என்று விசாரியுங்கள். வாகனம் புறப்படும் முன் பெண்களிடம் நேரடியாகக் கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

வெயிலும் வக்தும்

கடும் வெப்பமான நாட்களில் லுஹர் தொழுகையைச் சற்றுத் தாமதித்து, வெப்பம் தணிந்த பின் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். வெயிலின் கடுமையை நம் மார்க்கமே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கும்போது, நாம் அதனுடன் மல்லுக்கு நிற்பானேன்?

ஐந்து வக்துகளையே உங்கள் கால அட்டவணையாக்குங்கள். பஜ்ரு தொழுததும் புறப்பட்டுவிடுங்கள். நீண்ட தூரத்தை அந்தக் குளிர்ந்த வேளையில் கடந்துவிடலாம். காலை 10 மணிக்குள் நடை முடியட்டும். லுஹரிலிருந்து அஸர் வரை கூரையின் கீழ் உணவு, தொழுகை, சற்று உறக்கம். கடற்கரைக்கு அஸருக்குப் பின். மஃரிபுக்குப் பிறகு கடைவீதி. அலைச்சல் குறையும், ஒரு வக்தும் தவறாது.

மே 4 வாக்கில் தொடங்கி அம்மாத இறுதிவரை நீடிக்கும் கத்திரி வெயிலில் செஞ்சியின் பாறைகள் காலையிலேயே சுடத் தொடங்கிவிடும். அந்நாட்களில் முதியவர்களுடனும் சிறுவர்களுடனும் வருவோர் மலையேற்றத்தைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுங்கள். ஏறித்தான் ஆகவேண்டும் என்போருக்கு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. வாயில் திறக்கும் நேரத்தையும், மலைப்பாதைக்கு எந்நேரம்வரை அனுமதி என்பதையும் முன்னரே கேட்டறிந்து, முதல் ஆளாக நுழைந்துவிடுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். குரங்குகள் உண்டு, தின்பண்டங்களைக் கையில் ஏந்திச் செல்லாதீர்கள்.

கீழிருந்தே காணலாம்

"மலையேறாவிட்டால் செஞ்சியில் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்த கோட்டை இது. 2025 ஜூலையில் 'மராட்டியர் இராணுவ நிலவெளிகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. சிவாஜி இதைக் கைப்பற்றியது 1677இல். அவருக்கு முன் 1649 முதல் பீஜப்பூர் சுல்தான்களிடம் இருந்தது. 1698இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் நீண்ட முற்றுகைக்குப் பின் வென்றார்.

கீழ்க்கோட்டையிலேயே பல அடுக்குகள் கொண்ட கல்யாண மகால், நெற்களஞ்சியங்கள், குதிரை லாயங்கள், குளங்கள் ஆகியவற்றைக் காணலாம். புதுச்சேரி வாயில் எனப்படும் கிழக்கு வாயிலுக்கு அருகே ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் 1717-18ஆம் ஆண்டுகளில் கட்டிய பள்ளிவாசலைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். பாரசீகக் கல்வெட்டுகள் உள்ள நினைவுச்சின்னம் அது. வக்துத் தொழுகைக்கு ஊருக்குள் பள்ளிவாசல்கள் இருக்கின்றன.

அந்தப் பள்ளிவாசலின் நிழலில் நின்று பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். கப்பம் செலுத்த மறுத்த இளைஞன் இராஜா தேசிங்கின் மீது 1714இல் நவாபின் படை வந்தது. தேசிங்குக்காக அவனுடைய உயிர்த்தோழர் மகபத்கான் போரிட்டு மாண்டார். தம் திருமண வேளையில் அழைப்பு வந்ததும் அவர் மணக்கோலத்தைக் களைந்துவிட்டுக் களத்திற்கு விரைந்தார் என்று நாட்டுப்புறக் கதைப்பாடல் கூறுகிறது. நவாபும் முஸ்லிம், அவரை எதிர்த்து மாண்ட மகபத்கானும் முஸ்லிம், அவர் உயிர் கொடுத்ததோ ஓர் இந்து நண்பருக்காக. அன்றைய போர்களையெல்லாம் மதச் சண்டைகளாகவே காட்ட முனைவோர் பெருகியுள்ள இக்காலத்தில், இந்த ஒரு கதையை அறிந்துகொள்ளவேனும் நம் பிள்ளைகள் செஞ்சிக்கு வர வேண்டும்.

கோட்டைத் தூண்கள் கடற்கரையில்

புதுச்சேரி வாயில் என்ற பெயரே நம்மைக் கடலுக்கு வழிகாட்டுகிறது. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி சுமார் 70 கிலோமீட்டர். 1750இல் பிரெஞ்சுக்காரர் செஞ்சியைப் பிடித்தனர். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது; சில மாதங்களில் செஞ்சியும் வீழ்ந்தது. இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவையே. மலையேற இயலாத மூத்தவர்கள் கோட்டையின் ஒரு பகுதியைக் கடற்காற்று வாங்கியபடி அங்கே காணலாம். மாலை 6 மணிக்கு மேல் அச்சாலையில் வாகனங்களை அனுமதிப்பதில்லை. பிள்ளைகள் அச்சமின்றி நடக்கலாம்.

விடுதிக்கு முன்பணம் அனுப்பும் முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்: அறை தரைத்தளத்தில் கிடைக்குமா? மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு உண்டா? இறைச்சி ஹலாலானதா? உறுதியான விடை கிடைக்காவிட்டால் மீனும் சைவமும் போதும். ஆண்களும் பெண்களும் கலந்து குளிக்கும் நீச்சல்குளத்திற்கு எதிரே அறை எடுத்துக்கொண்டு பின்னர் சங்கடப்படாதீர்கள். புதுச்சேரியில் காஜியார் வீதி, முல்லா வீதிப் பகுதிகளில் நம் மக்கள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். பள்ளிவாசலுக்கோ ஹலால் உணவுக்கோ அலைய வேண்டியதில்லை.

கடல் அழகானது, அதே சமயம் இரக்கமற்றது. நம் கிழக்குக் கரையில் கால் நனைக்கும் தூரத்திலேயே உள்ளிழுக்கும் நீரோட்டங்கள் உண்டு. உயிர்காப்பாளர் இல்லாத இடத்தில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். நீந்தத் தெரியும் என்ற துணிவு குளத்தில் கற்றது. கடல் அதை மதிக்காது.

தொழுகையைப் பற்றி ஒரு விளக்கம். செஞ்சியிலிருந்து புதுச்சேரிக்குப் போவோருக்குக் கஸ்ரு இல்லை. ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்குக் குறைந்த பயணம் அந்த எல்லைக்குள் வராது. சென்னையிலிருந்து வருவோர் சுருக்கித் தொழலாம். இரு வக்துகளைச் சேர்த்துத் தொழும் சலுகை ஷாஃபி மத்ஹபினருக்கு உண்டு, ஹனஃபிகளுக்கு இல்லை. ஐயமிருந்தால் உங்கள் ஊர் இமாமிடம் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாளுக்கு ஆலம்பரை

சென்னை திரும்புவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கத்திற்கு அருகே உள்ள ஆலம்பரைக் கோட்டையைக் காணலாம். முகலாயர் காலத்தில் எழுந்த கடலோரக் கோட்டை இது. சஆதத்துல்லா கானை அடுத்து நவாபான தோஸ்த் அலி கானின் ஆட்சியில் இருந்து, 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் அதைச் சிதைத்தது. நாணயம் அச்சிட்ட இடம் இன்று செங்கல் மேடு. உலகின் நிலையாமையை உணர இதைவிட ஒரு பாடம் வேண்டுமா? அங்கே வசதிகளை எதிர்பாராதீர்கள். தண்ணீரும் உணவும் கையோடு கொண்டுசென்று, வெயில் ஏறும் முன் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கடலோரத்தில் அம்மா

அன்று ஒன்பது இடங்கள் எழுதிய தாளை நான் கிழித்துவிட்டேன். ஒரு நாள் முழுவதும் வீட்டில் இளைப்பாறிவிட்டு, அம்மா உடல் தேறிய பின், எல்லோருமாகப் புதுச்சேரிக்குக் கடற்கரையை மட்டும் காணச் சென்றோம். அஸர் தொழுதுவிட்டு மணலில் நாற்காலி போட்டு அம்மாவை அமரவைத்தோம். அலை வந்து அவர் பாதங்களைத் தொட்டுச் சென்றது. வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "கடலுக்கு அந்தப் பக்கம்தானே மக்கா?" என்று கேட்டார்.

"இல்லையம்மா. கிப்லா நமக்குப் பின்னால், மேற்கில் சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. இந்தக் கடலுக்கு அப்பால் பர்மாவும் மலேயாவும்தான்" என்றேன்.

"அப்படியானால், என் அத்தா கப்பலேறிப் போன கடல் இதுதான்" என்றார். அவரைச் சிறுவயதிலேயே விட்டுப் பிரிந்த தந்தையைப் பற்றி அன்றுதான் பேரப்பிள்ளைகளுக்கு வாய்திறந்து சொன்னார். மஃரிபு பாங்கு கேட்கும்வரை பிள்ளைகள் அவரைச் சுற்றியே அமர்ந்திருந்தனர். ஒருவரும் அடுத்த இடத்திற்குப் போகலாம் என்று சொல்லவில்லை.

அன்பிற்குரியவர்களே, இந்த விடுமுறைக்குத் திட்டமிட அமரும்போது முதலில் இடங்களை எழுதாதீர்கள். உடன் வருவோரின் பெயர்களை எழுதுங்கள். அவர்களுள் மிகவும் பலவீனமானவரின் பெயரை மேலே எழுதி, அங்கிருந்து தொடங்குங்கள். பயண துஆவை ஓதிப் புறப்படுங்கள். சென்றவர்கள் அனைவரும் ஒருவர்கூடத் துன்புறாமல் வீடு திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.