பழையது என்று சொல்லி விற்காதீர்கள்

லிங்கநகரில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு கன்னார் ஐயா இருக்கிறார். அவர் செய்யும் பித்தளைக் கேடயங்களை என் கடையில் வைத்து உல்லாசப் பயணிகளுக்கு விற்கிறேன். இதில் நான் விட்ட ஒரு பிழை மற்ற வியாபாரிகளுக்குப் பாடமாக இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கேடயம் என்றால் இன்று விளையாட்டுப் போட்டிப் பரிசுதான் ஞாபகம் வரும். நாம் கூரைக்குப் போடும் கிடுகு, பழந்தமிழில் கேடயத்துக்கும் பெயர். ஐயா செய்வது முகலாயர் காலத்து வட்டக் கேடயத்தின் மாதிரி. அந்தக் காலத்தில் எருமைத் தோல், காண்டாமிருகத் தோல், உருக்கு ஆகியவற்றில் செய்தார்கள். முன்பக்கத்தில் நான்கு குமிழ்கள் இருக்கும். அவை வெறும் அலங்காரமல்ல. பின்னாலுள்ள கைப்பிடிகளைப் பிடித்திருக்கும் ஆணிகள் அந்தக் குமிழ்களில்தான் வந்து முடிகின்றன. மலிவுச் சரக்கில் குமிழைச் சும்மா ஒட்டியிருப்பார்கள். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள்.

பித்தளைத் தகட்டைத் தட்டத் தட்ட அது இறுகும். நெருப்பில் காய்ச்சி இளக்காவிட்டால் வெடித்துவிடும். பிறகு குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் சேர்ந்த படுக்கையில் பதித்து, உளியால் பூவேலை எடுக்க வேண்டும். ஒரு கேடயத்துக்கு ஐயாவுக்குப் பன்னிரண்டு நாள் போகிறது.

புதியது என்றால் 20,000 ரூபா. ஒருமுறை ஒரு வெள்ளைக்காரர், "இது பழையதா?" என்று கேட்டார். ஆசை யாரை விட்டது? "250 வருடப் பழையது" என்று பில்லிலும் எழுதி 40,000 ரூபா வாங்கினேன். விமான நிலையத்தில் அந்த பில்லைப் பார்த்து அவரை நிறுத்திவிட்டார்கள். விமானமும் தவறிப் போனது. 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்கள், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருட்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. எனக்கு வந்த தொலைபேசி அழைப்பை இன்றும் மறக்கவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

விஷயம் அறிந்த ஐயா கோபிக்கவில்லை. "தம்பி, பன்னிரண்டு நாள் நான் பட்ட பாட்டை இல்லை என்று ஆக்கிவிட்டீர்களே" என்றார். அதுதான் சுட்டது.

இந்தியாவில் டெராடூனிலுள்ள விண்ட்லாஸ் நிறுவனம் 1943இல் தொடங்கியது. பழைய வாள், கவசங்களின் மாதிரிகளை, மாதிரி என்றே சொல்லி உலகமெங்கும் விற்கிறது. இரும்பில் பொன், வெள்ளிக் கம்பியைப் பதித்து வாளும் கேடயமும் அலங்கரிக்கும் உதய்ப்பூரின் கோஃப்த்காரி வேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்றைய கைவேலைக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இப்போது ஒவ்வொரு கேடயத்தின் பின்புறத்திலும் ஐயாவின் முத்திரையும் செய்த ஆண்டும் இருக்கும். பில்லில் "புதிய கைவேலை, மாதிரி" என்று எழுதுகிறேன். செய்த நாட்களின் கணக்கைச் சொன்னால் விலை பேசுகிறவர்களும் குறைவு. இலாபம் முன்போல் திடீரென்று வருவதில்லை. ஆனால் வந்தது தங்குகிறது. பரக்கத் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.