பிள்ளை வளர்க்கவும் காலேஜ்!

"பிள்ளை வளர்க்கப் படிப்பா? நல்லா இருக்கே கதை!" என்று காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பாட்டிமார் சிரிக்கலாம்.

ஆனால் அப்பா கடலுக்கும், அம்மா மீன் கூடையோடு சந்தைக்கும் போய்விட்டால் தம்பியை யார் பார்ப்பது? அக்காதான். அதோடு அவள் பள்ளிக்கூடம் 'கட்'!

இப்படிப் பாதியில் நின்றவர்களை மனதில் வைத்து வந்ததுதான் சமுதாயக் கல்லூரி. 1995-ல் புதுச்சேரியில் முதலாவது; 1996-ல் சென்னையில் அடுத்தது. தொழிலோடு வாழ்க்கைத் திறனும் அங்கே பாடம்.

அக்காவுக்கு ஏற்ற படிப்பு, மனித மேம்பாடும் குடும்ப இயலும். கரு முதல் முதுமை வரை மனிதர் வளரும் விதம்தான் பாடம். சின்னக் குழந்தையோடு பேசுவதும் விளையாடுவதும் அதன் மூளை வளரத் தேவை என்கிறது இது. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டமும் 6 வயதுக்குட்பட்டவர்களைக் கவனிக்கிறது.

தம்பியை இடுப்பில் சுமந்தே அக்கா பாதிப் பாடம் கற்றுவிட்டாள். மீதியைப் படிக்க வைப்பது பெற்றோர் பொறுப்பு!