கண் கண்டதும் மனம் கொண்டதும்

கண்ணால் காண்பதும் பொய் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு நகைத்தவன் நான். அந்த நகைப்பை வாளையாரில் ஒரு மாலைப்பொழுது நிறுத்திவிட்டது.

வாளையார், கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் வழியில், இரு மாநில எல்லையில் அமைந்த ஊர். விடுமுறைக்கு மாமா வீட்டிற்குச் சென்றிருந்தேன். குறுக்கு வழியென்று இருப்புப்பாதையைக் கடக்க முனைந்தபோது தொலைவில் ஓர் இரயில் தெரிந்தது. ஆமைபோல் ஊர்வதாகத் தோன்றியது. காலெடுத்து வைத்தேன். பின்னாலிருந்து மாமா சட்டையைப் பற்றி இழுத்தார். மறுகணம் இரயில் எங்களைக் கடந்து பறந்தது. "ஏண்டா, உனக்குக் கண் தெரியலையா?" என்றார், கை நடுங்க.

கண் நன்றாகவே தெரிந்தது, நண்பர்களே! பிழை வேறிடத்தில் இருந்தது.

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பியர், ஐம்பொறிகளுக்கு அப்பால் மனத்தை ஆறாவதாக வைத்தார். உளவியலாரும் இரண்டையும் பிரித்தே பேசுவர். விழித்திரையில் ஒளி படுவது புலனுணர்வு. அதற்கு மனம் பொருள் கொள்வது புலனறிவு. கண் வேகத்தை நேரே அளப்பதில்லை. நம்மை நோக்கி நேரே வரும் பொருளின் உருவம் எவ்வளவு விரைந்து வளர்கிறது என்பதைக் கொண்டே மனம் வேகத்தை மதிப்பிடுகிறது.

சிறு கணக்கொன்று போடுவோம். 3 மீட்டர் அகலமுள்ள இரயில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. 600 மீட்டர் தொலைவில் அது நம் கண்ணில் அடைக்கும் கோணம் ஏறத்தாழ 0.29 பாகை, முழுமதியின் அளவில் பாதியளவே. ஆறு நொடி கழித்து, 500 மீட்டரில், 0.34 பாகை. இவ்வளவு சிறு வளர்ச்சியை யார் கண்டார்? ஆனால் 100 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்கு வரும் மூன்றே நொடியில் உருவம் இரு மடங்காகிவிடும். வேகம் மாறவில்லை, நமக்கு அது புலப்படும்போது காலம் கடந்துவிடுகிறது!

இன்னொரு மயக்கமும் உண்டு. பெரிய பொருள் மெல்லச் செல்வதாகத் தோன்றும். இரயில் பாதை விபத்துகளுக்கு இதுவும் காரணமாகலாம் என்று அமெரிக்க உளவியலார் ஹெர்ஷல் லீபோவிட்ஸ் 1985-இல் எழுதினார். நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனை அதற்கு வலுவூட்டியது: ஒரே வேகத்தில் வந்தாலும், காரைவிட இரயில் மெதுவாக வருவதாகவே மக்கள் மதிப்பிட்டனர்.

இரயிலை ஓட்டுபவரின் கண்ணுக்கும் எல்லை உண்டு. வாளையாருக்கும் மதுக்கரைக்கும் இடையே பாதை யானைக்காட்டை ஊடறுத்துச் செல்கிறது. பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒளி வேறுபாடு. கரிய யானை இருளில் நின்றால் அவ்வேறுபாடு எங்கே? இருளில் கண் முழுதும் பழக அரைமணி நேரம் வேண்டும். முன்விளக்கின் ஒளியோ அப்பழக்கத்தைக் குலைத்துவிடும். 2021 நவம்பர் 26 இரவில் நவக்கரை அருகே இரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன.

மனிதக் கண் தோற்கும் இடத்தில் வேறு கண் வேண்டுமென்று உணர்ந்த தமிழ்நாடு வனத்துறை, 2024 பிப்ரவரியில் மதுக்கரைப் பகுதியில் 12 கோபுரங்களில் கண்காணிப்புக் கருவிகளை இயக்கத் தொடங்கியது. அவற்றுள் வெப்பக் கருவிகள் ஒளியை நாடுவதில்லை. யானையின் உடல் வெப்பத்தையே காண்கின்றன. யானை பாதையை நெருங்கினால் முன்கூட்டியே எச்சரிக்கை போகிறது.

அறிவு என்பது புலன்களை வெறுப்பதன்று. அவற்றின் எல்லையை அறிவது. அந்த மாலையில் என் மனம் கொடுத்த கணக்கை நான் நம்பினேன்; மாமா நம்பவில்லை. இருப்புப்பாதையின் முன் நிற்கும்போது, "மெதுவாகத்தானே வருகிறது" என்று உங்கள் மனம் சொன்னால், தோழர்களே, அச்சொல்லைக் கேளாதீர்! நின்று, இரயிலுக்கு வழிவிடுங்கள்.