போராட்டம் தொடர்கிறது, செய்தி ஏன் நின்றுவிடுகிறது?

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பெப்ரவரியிலும், சர்வதேச காணாமல் ஆக்கப்பட்டோர் தினமான ஓகஸ்ட் 30இலும் ஊடகங்கள் அவர்களைத் தேடிச் செல்கின்றன. செய்தியில் நாட்களின் எண்ணிக்கை மட்டுமே மாறுகிறது. வாசகரும் தலைப்போடு கடந்துவிடுகிறார்.

நீண்டகாலச் செய்திக்குப் புதிய கோணம் வேண்டுமானால், இதுவரை கேட்காத கேள்வியைத் தேட வேண்டும்.

முதலில் ஆவணத்தைப் பின்தொடரலாம். இறப்புச் சான்றிதழ் பெற விரும்பாத குடும்பங்களுக்காக, காணாமல் போனமைக்கான சான்றிதழ் 2016இல் சட்டமாக்கப்பட்டது. அதைக் காட்டி ஒரு மனைவியால் கணவரின் காணியையும் வங்கிக் கணக்கையும் கையாள முடிகிறதா? பிரதேச செயலகத்திலும் வங்கியிலும் விசாரித்தால் ஒரு செய்தி கிடைக்கும்.

அடுத்தது நிறுவனம். காணாமல் போனோர் அலுவலகத்துக்கு 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். மாவட்ட வாரியாக எத்தனை முறைப்பாடுகள் விசாரித்து முடிக்கப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். பதில் வராவிட்டால் அதுவும் செய்திதான்.

மூன்றாவது காலம். 2009இல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் வளர்ந்துவிட்டார்கள். அப்பாவைப் பற்றி அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது? பிள்ளைகளைத் தேடிய பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்களுடைய முறைப்பாடுகளை இனி யார் கொண்டு செல்வார்கள்?

நேரில் கண்டவர்கள் குறையக் குறைய சாட்சியமும் குறைகிறது. அடுத்த நினைவு நாள் வரும்வரை இந்தக் கேள்விகள் காத்திருக்க முடியாது.