எந்தக் கணனியில் வாசிப்பை விட்டீர்கள்?

காலை எட்டு மணி. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக் கணனியின் முன் அமர்கிறீர்கள். செய்தி, உடல்நலம், சமையல், பிள்ளை வளர்ப்பு என நீங்கள் விரும்பிப் படிக்கும் தளங்கள் இருபது. அவற்றில் வந்திருக்கும் நாற்பது தலைப்புகளையும் பார்த்து முடிக்கிறீர்கள். இரண்டை மட்டும் ஆறுதலாக வாசிக்கலாம் என்று அடையாளமிட்டு வைக்கிறீர்கள். பின்னேரம் மகளின் மடிக்கணனியைத் திறந்தால், அதே நாற்பதும் புத்தம் புதியவை போல வரிசையில் நிற்கின்றன. அடையாளமிட்ட இரண்டையும் காணவில்லை. எதை வாசித்தோம், எதை விட்டோம் என்று தேடுவதிலேயே அரை மணித்தியாலம் போய்விடுகிறது. வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நாளில் தனக்கென்று கிடைப்பதே அந்த அரை மணித்தியாலம்தான்!

இந்தத் தொல்லைக்கு வழியுண்டு. அதற்கு முன், செய்தியோடை என்றால் என்னவென்று அறிந்துகொள்வோம்.

இணையத்தளங்கள் பல, தாம் புதிதாக வெளியிடும் ஆக்கங்களின் தலைப்பு, திகதி, சுருக்கம் என்பவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கின்றன. அதற்குத்தான் செய்தியோடை என்று பெயர். ஆர்.எஸ்.எஸ். என்றும் அழைப்பர். 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனம் இதனைத் தொடக்கி வைத்தது. இன்று பரவலாக வழங்கும் ஆர்.எஸ்.எஸ். 2.0 வடிவம் 2002இல் வந்தது. பிபிசி தமிழுக்கு ஓடை உண்டு. யூடியூபில் நீங்கள் பார்க்கும் சமையல் அலைவரிசைக்கும் உண்டு. ஓடை வாசிப்பான் என்னும் மென்பொருள் இந்தக் கோப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சென்று பார்த்து, புதியவற்றை ஓரிடத்தில் அடுக்கித் தருகிறது. நீங்கள் கேட்டவை மட்டும், வந்த ஒழுங்கில் வரும். எதை முதலில் காட்டுவது, எதை மறைப்பது என்று முகநூல் போல் இன்னொருவர் உங்களுக்காகத் தீர்மானிப்பதில்லை. எனக்கு இதில் பிடித்தமான விடயமும் அதுவேதான்.

இனி அந்த நாற்பது தலைப்புகளின் கதைக்கு வருவோம்.

ஒரு பாடசாலையில் வரவு இடாப்பை ஒவ்வோர் ஆசிரியரும் தத்தமது பையில் வைத்துக்கொண்டால் என்னவாகும்? காலையில் ஒருவர் இட்ட அடையாளம் மாலையில் வருபவருக்குத் தெரியாது. இடாப்பு அலுவலகத்தில் ஒன்றே ஒன்றாக இருந்தால், யார் வந்து திறந்தாலும் அதே கணக்குத்தான். வாசிப்பான்களும் இப்படியே. ‘இதை வாசித்தாயிற்று’, ‘இதைப் பிறகு பார்ப்போம்’ என்னும் குறிப்புகள் கணனிக்குள் இருக்கின்றனவா, வெளியே ஒரு பொது இடத்தில் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளில் ஓடை வாசிக்கும் வசதி இருக்கிறது. இலவசம், நல்ல மென்பொருள். ஆனால் அதன் இடாப்பு அந்தக் கணனியின் பைக்குள்தான். வீட்டில் கணனி ஒன்றே ஒன்று என்றால் அது தாராளமாகப் போதும். இரண்டாவது கணனி வந்தவுடன் குழப்பமும் வந்துவிடும்.

பீட்லி, இனோரீடர், நியூஸ்பிளர், தி ஓல்ட் ரீடர் போன்றவை இரண்டாம் வகை. இவற்றில் ஒரு கணக்கைத் திறந்துகொள்கிறீர்கள். இடாப்பு அவர்களது சேவையகத்தில் இருக்கும். விண்டோஸ் ஆனாலும் மக் ஆனாலும் கைத்தொலைபேசியானாலும் உலாவியைத் திறந்து உள்நுழைந்தால் போதும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டணமற்ற கணக்குகளுக்கு எல்லை உண்டு. நியூஸ்பிளர் 64 தளங்கள் வரை தரும். பீட்லியில் 100, இனோரீடரில் 150. ஒரு குடும்பத்தின் வாசிப்புக்கு இதுவே அதிகம் என்பது எனது எண்ணம். கட்டணம் செலுத்த அவசரப்பட வேண்டாம்.

மூன்றாவது வகையும் இருக்கிறது. ஃபிரெஷ் ஆர்.எஸ்.எஸ்., மினிஃப்ளக்ஸ் போன்றவற்றைச் சொந்தச் சேவையகத்தில் நிறுவி, இடாப்பையும் நாமே வைத்திருப்பது. கணனி கற்ற மகனோ மருமகனோ பொறுப்பெடுத்தால் நல்லது. அவர் வெளிநாடு போய்விட்டால் பழுது பார்ப்பது யார் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

இடாப்பைப் பிறரிடம் கொடுப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நெட்நியூஸ்வயர் என்ற மென்பொருளின் வரலாற்றைப் பாருங்கள். பிரென்ட் சிம்மன்ஸ் என்பவர் 2002இல் மக் கணனிக்காக இதை ஆக்கினார். 2005இல் நியூஸ்கேட்டர் என்ற நிறுவனம் வாங்கியது. பல கணனிகளில் வாசித்தவர்களின் குறிப்புகள் அந்த நிறுவனத்தின் சேவை வழியாகவே ஒத்துப்போயின. 2009இல் அந்தச் சேவை நின்றது. எல்லோரும் கூகுள் ரீடருக்கு மாற வேண்டியதாயிற்று. அது 2005இல் தொடங்கிய இலவசச் சேவை. கூகுளே நடத்தும்போது என்ன பயம் என்று உலகெங்கும் மக்கள் நம்பியிருந்தார்கள். 2013 மார்ச்சில் கூகுள் அதையும் மூடப்போவதாக அறிவித்தது. ஜூலை முதலாந் திகதி மூடியும் விட்டது. அறிவிப்பு வந்த 48 மணித்தியாலங்களுள் ஐந்து இலட்சம் பேர் தன்னிடம் வந்து சேர்ந்ததாக பீட்லி சொன்னது. தமது பட்டியலை எடுத்துக்கொள்ள கூகுள் ஜூலை 15 வரை அவகாசம் கொடுத்தது. அதைக் கவனியாதிருந்தவர்கள், ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பட்டியலை இழந்தார்கள்.

நெட்நியூஸ்வயரின் பெயர் 2018இல் சிம்மன்ஸிடமே திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு அதை இலவசமாக, எவரும் மூலநிரலைப் பார்க்கக்கூடியதாக வெளியிட்டார். இப்போது அது ஐகிளவுட் வழியாகக் குறிப்புகளை ஒத்திசைக்கிறது. வீட்டில் இருப்பவை யாவும் அப்பிள் கருவிகள் என்றால், வேறெங்கும் அலைய வேண்டாம், இதையே எடுங்கள். ஒரே ஒரு விண்டோஸ் கணனி இருந்தாலும் இது உதவாது.

ஆகவே எந்தச் சேவையைத் தெரிவு செய்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் பட்டியலை வெளியே எடுக்க அது விடுகிறதா என்பதைத்தான். ஓ.பி.எம்.எல். என்னும் கோப்பாக அதை எடுக்கலாம். நான் பெயர் சொன்ன எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. அந்தக் கோப்பை வேறொரு வாசிப்பானிடம் கொடுத்தால் உங்கள் தளங்கள் யாவும் சில வினாடிகளில் வந்து அமர்ந்துவிடும். ஆனால் அந்தக் கோப்பில் இருப்பது தளங்களின் பட்டியல் மாத்திரமே. எதை வாசித்தீர்கள் என்ற குறிப்புகள் அதில் வராது. அடையாளமிட்டு வைத்தவற்றையும் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

தெரிவு செய்த பின் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். எல்லாத் தளங்களையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம், ஐந்தாறு போதும். வீட்டுக் கணனியில் ஒன்றை வாசியுங்கள். மற்றதில் புதுப்பித்ததும் அது வாசித்ததாகக் காட்டுகிறதா? இங்கே அடையாளமிட்டது அங்கே தெரிகிறதா? தமிழ் எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா? இணைப்பு மந்தமான நேரத்தில் திறக்கிறதா? சில சேவைகள் ஒரு மாதம் கடந்த ஆக்கங்களைத் தாமாகவே வாசித்தவையாக ஆக்கிவிடும். ஆறுதலாக வாசிப்பவர்கள், விரும்பியதை உடனே அடையாளமிட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு வீட்டில் பலர் பாவிக்கும் கணனி என்றால் இன்னொரு விடயம். ஒரே கணக்கை உம்மாவும் மகளும் சேர்ந்து பாவித்தால், மகள் வாசித்தது உம்மாவுக்கும் வாசித்ததாகவே காட்டும். உங்களுக்காக வந்த கட்டுரை நீங்கள் காணாமலே மறைந்துவிடும். கணக்கு ஆளுக்கொன்றாக இருக்கட்டும். பாடசாலையிலோ அலுவலகத்திலோ வாசித்தால், எழும்பும் முன் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். ‘கடவுச்சொல்லை நினைவில் வைக்கவா?’ என்று அந்தக் கணனி கேட்டால் வேண்டாமென்று சொல்லுங்கள். நீங்கள் எந்த நோயைப் பற்றி, எந்தக் குடும்பப் பிரச்சினையைப் பற்றித் தேடி வாசிக்கிறீர்கள் என்பது அடுத்து வந்து அமர்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஓ.பி.எம்.எல். கோப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் செய்து வையுங்கள். இரண்டு நிமிட வேலை.